கஜா புயலில் சாய்ந்த ஒரு தென்னந்தோப்பு: ஏழு ஆண்டுக் கணக்கு

தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கோடிக் கடலோரத்தில் ஒரு தோப்பையும், அதைச் சார்ந்து வாழ்ந்த இரண்டு குடும்பங்களையும் பற்றிய நிகழ்வு ஆய்வு இது. ஒன்று தோப்பு உடையவர் குடும்பம். மற்றொன்று அதே தோப்பில் காய் பறித்தும் கீற்று முடைந்தும் பிழைத்த, சொந்த நிலமில்லாத குடும்பம். புயல் அடித்த நாளிலிருந்து 2025 வரை நடந்தவை வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. பெயர்களும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

புயல் சேதம் என்றால் அடுத்த வாரம் எடுக்கும் கணக்கெடுப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். தென்னையைப் பொறுத்தவரை அந்தக் கணக்கெடுப்பு பாதி இழப்பைக்கூடத் தொடுவதில்லை. தென்னையின் காலக்கணக்கு வேறு, நிவாரணத்தின் காலக்கணக்கு வேறு. இந்த இடைவெளியில் ஒரு குடும்பம் எதையெல்லாம் இழக்கிறது, எந்த முடிவுகள் அந்த இழப்பைக் குறைத்தன, எவை கூட்டின என்பதே இங்கு பார்க்கப்படுகிறது.

பின்னணி

தோப்பின் பரப்பு இரண்டரை ஏக்கர், அதாவது ஒரு ஹெக்டேர். 25 அடி இடைவெளியில் நட்ட கிழக்குக் கடற்கரை நெட்டை மரங்கள் 175. பெரும்பாலானவை 30 வயதைத் தாண்டி, நல்ல காய்ப்பில் இருந்தவை. மண் மேலே மணல் கலந்த செம்மண், மூன்று நான்கு அடிக்குக் கீழே களி. மரத்துக்கு ஆண்டுக்குச் சராசரி 80 காய் என்று வைத்தால் ஆண்டுக்கு 14,000 காய். 45 நாளுக்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் கையில் பணம் வரும் என்பதுதான் தென்னையின் பெரிய பலம். நெல் விவசாயிக்கு இல்லாத சீரான வரவு தென்னை விவசாயிக்கு இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் கடனும் வாங்கப்பட்டிருந்தது: கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், ஆழ்துளைக் கிணறு போட வங்கியில் 8 பவுன் நகை அடகு, தேங்காய் வியாபாரியிடம் 50,000 ரூபாய் முன்பணம்.

பட்டா இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இருந்தது. அண்ணன் தம்பி இருவரும் வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டு, தம்பி தன் பங்கை அண்ணனிடம் குத்தகைக்கு விட்டிருந்தார். இந்தப் பகுதியில் பல குடும்பங்களின் நிலை இதுதான், யாரும் இதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

தோப்பில் காய் பறித்தவர் பக்கத்துத் தெருக்காரர். அவர் மனைவி விழும் மட்டைகளை ஊறவைத்துக் கீற்று முடைந்து விற்பார், ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டுவார். காயிலிருந்து உரித்த மட்டை கயிறு ஆலைக்குப் போகும். ஒரு தோப்பைச் சுற்றி இப்படி ஐந்தாறு பேருக்காவது வேலை இருந்தது.

2018 நவம்பர் 15 இரவு, 16 விடியல்

கஜா புயல் நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் அடித்த காற்று கரையோடு நிற்காமல் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை எனத் தென்னை அடர்ந்த பகுதி முழுக்கப் புகுந்து போனது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன.

தோப்பில் காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்தது. கொஞ்ச நேரம் ஓய்ந்தது. பிறகு தெற்கிலிருந்து இன்னும் பலமாக அடித்தது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள், ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குள்தான் பெரும்பாலான வேர் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் மண் நனைந்திருந்தது. முதல் காற்று வேரை ஒரு பக்கமாக இழுத்துத் தளர்த்தியது, எதிர்க்காற்று அந்தத் தளர்ந்த மரத்தைச் சாய்த்தது. காலையில் பார்த்தபோது பெரும்பாலான மரங்கள் வடக்கு நோக்கியே விழுந்து கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

காலையில் கண்டவை

முதல் எண்ணிக்கையில் 118 மரங்கள் போயிருந்தன. அவற்றில் 71 வேரோடு பெயர்ந்தவை, 47 நடுவில் முறிந்தவை. முறிந்த மரங்களைக் கூர்ந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பல மரங்களில் முறிவு விழுந்த இடத்தில் தண்டைக் குடையும் சிவப்புக் கூன்வண்டின் பழைய துளையோ, முன்பு சாறு வடிந்து உள்ளே பொக்கையான பகுதியோ இருந்தது. காற்று புதிதாகப் பலவீனம் எதையும் உண்டாக்கவில்லை, இருந்த பலவீனத்தில் ஒடித்தது.

நின்ற மரங்கள் 57. தொலைவிலிருந்து பார்த்தால் தப்பித்தவை போலத் தெரிந்தன. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் கொண்டை முறுக்கிக்கொண்டு, அடி மட்டைகள் ஒடிந்து தொங்கி, பாளைகள் கிழிந்து, குரும்பை ஒன்றுகூட இல்லாமல் நின்றன. சிலவற்றில் நடுக்குருத்தைக் கையால் லேசாக இழுத்தாலே கையோடு வந்தது, அடியில் அழுகல் நாற்றம் அடித்தது. இந்த அடையாளத்தை இங்கே அழுத்திச் சொல்கிறோம்: குருத்து இழுத்தவுடன் வரும் மரம் நின்றாலும் பெரும்பாலும் செத்த மரம்தான். அதைக் கணக்கெடுப்பு நாளிலேயே தனியாகக் குறித்துவைக்க வேண்டும். இந்தத் தோப்பில் அதை யாரும் செய்யவில்லை.

கணக்கெடுப்பும் நிவாரணமும் (2018 நவம்பர் – 2019 ஆகஸ்ட்)

தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். இந்தத் தோப்புக்குச் சாய்ந்த மரம் 118 என்று பதிவானதால் 1,29,800 ரூபாய் வர வேண்டும்.

இரண்டு இடத்தில் சிக்கல் வந்தது.

முதலாவது பட்டா. நிவாரணம் பட்டாதாரர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பட்டாதாரர் உயிரோடு இல்லை. வாரிசுச் சான்று, தம்பியின் ஒப்புதல், வேறு ஊரில் இருந்த அக்காவின் கையெழுத்து எல்லாம் சேரப் பல மாதம் ஆனது. பக்கத்துத் தோப்புக்காரருக்கு பிப்ரவரியில் வந்த பணம் இவருக்கு ஆகஸ்டில் வந்தது. அந்த ஆறு மாதத்தில்தான் மரத்தை அகற்றப் பணம் தேவைப்பட்டது. தொகை குறையவில்லை, ஆனால் வந்த நேரம் தவறிவிட்டது. அதன் விலையை அடுத்தடுத்த பகுதிகளில் பார்க்கலாம்.

இரண்டாவது, தாமதமாகச் சாகும் மரம். நின்றிருந்த 57 மரங்களில் 16 மரங்கள் 2019 ஜூனுக்குள் பட்டுப்போயின. குருத்தழுகலிலும் கூன்வண்டிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டை சாய்ந்தது. கணக்கெடுப்பு நவம்பர் கடைசியிலேயே முடிந்துவிட்டதால் இந்த 16 மரத்துக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. கடைசியில் மிஞ்சியது 41 மரம்.

காப்பீடு இல்லை. தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. 16 முதல் 60 வயது மரத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 14 ரூபாய், காப்பீட்டுத் தொகை 1,750 ரூபாய். பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்கும், விவசாயி கட்ட வேண்டியது மரத்துக்கு 3 ரூபாய் 50 காசு. 175 மரத்துக்கும் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 612 ரூபாய் 50 காசுதான். கழிவு எதுவும் இல்லாமல் முழுமையாகக் கிடைத்திருந்தால் 118 மரத்துக்கு 2,06,500 ரூபாய். அரசு நிவாரணத்தைவிட இது அதிகம். ஒரு வெட்டுக் கூலியைவிடக் குறைவான பிரீமியத்தில் இப்படி ஒரு திட்டம் இருந்தது ஊரில் பலருக்குத் தெரியாது என்பது மனதை வருத்தும் செய்தி.

விழுந்த மரத்தை என்ன செய்வது: முதல் பெரிய முடிவு

118 அடிமரங்கள் தோப்பை நிறைத்துக் கிடந்தன. வாங்க ஆளில்லை. ஒரே நேரத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கத் தென்னை விழுந்தால் தென்னங்கட்டைக்கு விலை ஏது? செங்கல் சூளைக்காரர்கள் சாலையோரம் கிடந்ததை மட்டும் எடுத்தார்கள். இயந்திர வாடகை ஏறிவிட்டது. அறுக்க வந்தவர்கள், “கட்டைய அறுத்துத் துண்டு போட்டுத் தர்றோம்ணே, தூரைத் தோண்டித் தர முடியாது” என்றார்கள். அரசு கணக்கில் சொன்ன 500 ரூபாயில் அறுக்கலாம், தூரோடு தோண்டி ஏற்றி அனுப்ப முடியாது.

நிவாரணப் பணம் வராத நிலையில் குடும்பம் எடுத்த முடிவு: சாலையை ஒட்டிய ஒரு ஏக்கரை மட்டும் முழுதாகச் சுத்தம் செய்வது, மீதி ஒன்றரை ஏக்கரில் மட்டையையும் கொண்டையையும் மட்டும் எடுத்துவிட்டுக் கட்டையை வரப்போரம் உருட்டி அடுக்குவது, தூர்களை அப்படியே விடுவது. கையில் பணமில்லாதபோது இது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. ஆனால் அடுத்த ஐந்து ஆண்டில் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பின் பெரும்பகுதி இந்த ஒரு முடிவிலிருந்தே கிளைத்தது.

காரணம், தென்னங்குருத்தைக் குடைந்து தின்னும் காண்டாமிருக வண்டு. மக்கும் தென்னங்கட்டையும் எருக்குழியும்தான் அது முட்டையிடும் இடம். முட்டையிலிருந்து வண்டாக ஐந்தாறு மாதம் ஆகும். 2018 நவம்பரில் விழுந்த கட்டை 2019 கோடையில் மென்மையாகி, பருவமழையில் ஊறி, புழு வளர ஏற்ற பதத்துக்கு வந்தது. 2019 கடைசியில் அடுக்கிவைத்த கட்டை ஒன்றைப் புரட்டியபோது, மக்கிய தூளுக்குள் விரல் பருமனில், தலை பழுப்பாக, வெண்மையாகச் சுருண்டு கிடந்த புழுக்கள் ஒரு முழ நீளத்துக்குள் பதினெட்டு இருந்தன. ஒரு கட்டையில் அவ்வளவு என்றால் வரப்பு முழுக்க எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். இந்தத் தோப்பு மட்டும் சுத்தம் செய்திருந்தாலும் பக்கத்துத் தோப்பிலிருந்து வண்டு பறந்து வந்திருக்கும். கட்டை அகற்றுவது தனி விவசாயியின் வேலையாக விடப்படக் கூடாது, ஊரே சேர்ந்து ஒரே பருவத்தில் செய்ய வேண்டிய வேலை என்பது எங்கள் கருத்து.

நின்ற மரத்தைக் காப்பாற்றியது எப்படி

இந்தப் பகுதியில் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் சரியாக அமைந்தன.

ஒடிந்து தொங்கிய மட்டைகளைத் தண்டை ஒட்டி வெட்டாமல், தண்டிலிருந்து நான்கு அடி (120 செ.மீ.) விட்டு வெட்டினார்கள். ஒட்டி வெட்டினால் வெட்டுவாயில் கசியும் சாற்றின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு தண்டுக்குள் போய்விட்டால் வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். பச்சையாக இருந்த மட்டை எதையும் தொடவில்லை. மரம் மீளத் தேவையான உணவை அந்த மட்டைகள்தான் தயாரிக்க வேண்டும்.

கொண்டையைச் சுத்தம் செய்து, காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 3 கிராம் வீதம் கரைத்துக் குருத்தைச் சுற்றி ஊற்றினார்கள். பிறகு மேல் மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வைத்தார்கள். மரம் ஏறுபவர் கிடைப்பது கடினமாக இருந்ததால் மூன்றையும் ஒரே ஏற்றத்தில் முடித்தார்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் தனித்தனியாக ஏறச் சொல்லியிருந்தால் இரண்டாவது வேலையோடு நின்றிருக்கும்.

உரம் பற்றி மட்டும் ஒரு தவறு. மரம் சீக்கிரம் தேறட்டும் என்று 2019 தையில் யூரியாவை மட்டும் கூட்டிப் போட்டார்கள். வேர் அறுந்து ஆட்டம் கண்ட மரம் அதை எடுத்துக்கொள்ளாது. முதலில் தூருக்கு மண் அணைத்து, மக்கிய எரு 50 கிலோவும் வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோவும் இட்டு, ஆறு மாதம் கழித்து வழக்கமான அளவை (ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ) இரண்டாகப் பிரித்து இட்டிருக்க வேண்டும். 2019 ஆடியிலிருந்து அப்படித்தான் செய்தார்கள்.

சாய்ந்து நின்ற ஆறு மரங்களை நிமிர்த்திப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் பள்ளம் தோண்டி, கயிறு கட்டி இழுத்து, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட இரண்டு கன்றுகள் பிழைத்தன. வளர்ந்த நான்கும் போய்விட்டன (பட்ட 16 மரங்களில் இவையும் அடக்கம்). வளர்ந்த மரத்தை நிமிர்த்துவதற்குச் செலவழிக்கும் கூலியும் நாளும் தூர் தோண்டுவதற்குப் போயிருக்கலாம்.

நின்ற மரம் ஏன் நாலு வருஷம் காய்க்கவில்லை

2019இல் 41 மரமும் சேர்ந்து கொடுத்தது 900 காய். 2020இல் 1,300. 2021இல் 2,000. மரம் பச்சையாக, மட்டை விரித்து நின்றது, காய் மட்டும் இல்லை. வங்கி ஆய்வுக்கு வந்தவர், “மரம் நல்லாத்தானே இருக்கு” என்றாராம்.

விளக்கம் தென்னையின் உடலுக்குள் இருக்கிறது. ஒரு பாளையின் கரு, அது வெடிப்பதற்குச் சுமார் 32 மாதம் முன்பே மரத்தின் உச்சியில் உருவாகிவிடுகிறது. பாளை வெடித்த பின் காய் முற்ற 12 மாதம். ஆக இன்று வெட்டும் காய்க்கு அடித்தளம் இடப்பட்டது 44 மாதத்துக்கு முன்பு. 2018 நவம்பரில் கொண்டை முறுக்கியபோது உள்ளே வரிசையாகக் காத்திருந்த கருக்கள் சிதைந்தன, கருகின, அல்லது பெண்பூ இல்லாமல் வெறும் பாளையாக வந்தன. புயலுக்குப் பிறகு புதிதாக உருவான முதல் கரு காயாக மாறியது 2022 நடுவில்தான். அந்த ஆண்டு காய் 2,700 ஆனது, 2023இல் 3,000.

கடன் தவணையை ஓராண்டு தள்ளிவைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த 44 மாதக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். தப்பித்த மரத்துக்கே நான்கு ஆண்டு. புதிதாக நட்ட நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு ஆண்டு, முழுக் காய்ப்புக்குப் பத்து ஆண்டு.

மறுநடவு: இரண்டு முயற்சிகள்

2019 ஜூனில், சுத்தம் செய்த ஒரு ஏக்கரில் 60 கன்று நட்டார்கள். வேனில் கொண்டுவந்து விற்றவரிடம் வாங்கியவை. ‘நெட்டை குட்டை ஒட்டு, மூன்றே வருஷத்தில் காய்க்கும்’ என்று சொல்லி விற்றார்கள். புயலுக்குப் பிந்தைய அந்த ஆண்டில் நல்ல கன்றுக்கு எங்கும் தட்டுப்பாடு. விதைக்காய் முளைக்கவே ஐந்து மாதம் வரை ஆகும், நடுவதற்கு ஏற்ற கன்றாக 9 முதல் 12 மாதம் வேண்டும். ஆகவே 2019இல் ஏராளமாகக் கிடைத்த கன்றின் தாய்மரம் எது என்று யாருக்கும் தெரியாது. வாங்கிய கன்றுகளில் பலவற்றின் கழுத்துச் சுற்றளவு 10 செ.மீ. இல்லை, ஆறு இலையும் இல்லை.

பத்து மாதத்துக்குள் 23 கன்றுகள் செத்தன. ஒவ்வொன்றிலும் ஒரே அடையாளம்: விரிந்த இலையில் விசிறியை வெட்டினாற்போல முக்கோண வெட்டு, குருத்தடியில் துளை, துளை வாயில் மென்று துப்பிய நார். வளர்ந்த மரத்தைக் காண்டாமிருக வண்டு குடைந்தால் இலை கிழியும், மரம் பிழைத்துக்கொள்ளும். கன்றில் அது நேராக வளர்நுனியைத் தின்றுவிடும். கன்றுகளிலிருந்து இருபது அடி தூரத்தில் கட்டை அடுக்கு கிடந்தது.

2020இல் நடந்த மாற்றம் இது. 2019 ஆகஸ்டில் வந்த நிவாரணத்தில் மிஞ்சியதையும் மகன் அனுப்பிய பணத்தையும் கொண்டு கட்டைகளை அகற்றினார்கள். புழு இருந்த கட்டைகளைப் பிளந்து, புழுவைப் பொறுக்கி அழித்து, எருக்குழியில் வண்டுப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சைக் கரைசல் 250 மில்லியை 750 மில்லி தண்ணீரில் கலந்து தெளித்தார்கள். ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்சட்டிகளில் தோப்பில் வைத்தார்கள், காலையில் விழுந்து கிடந்த வண்டுகளை எண்ணிக் குறித்தார்கள். எண்ணிக்கை வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்த பிறகே, 2020 நவம்பரில் இரண்டாவது நடவு.

இம்முறை 80 கன்று. 50 கிழக்குக் கடற்கரை நெட்டை, 30 வேப்பங்குளம் ஒட்டு ரகம். எல்லாம் தாய்மரம் தெரிந்த இடத்திலிருந்து, கழுத்தையும் இலையையும் எண்ணிப் பார்த்து எடுத்தவை. மூன்றடி நீள அகல ஆழக் குழி. ஒட்டு ரகம் நான்காம் ஆண்டில் வரவு தரும், நெட்டை காற்றையும் வறட்சியையும் தாங்கும், எனவே இரண்டும் கலந்து. கன்றின் மட்டை இடுக்கில் 45 நாளுக்கு ஒருமுறை மூன்று அந்துருண்டை வைத்து மணலால் மூடினார்கள். செத்தது நான்கு. முதல் நடவில் பத்துக்கு நான்கு போன இடத்தில், இரண்டாவதில் இருபதுக்கு ஒன்று. கன்றுத் தரமும் மாறியிருக்கிறது, எனவே முழுப் பெருமையும் கட்டை அகற்றியதற்கு என்று சொல்ல முடியாது. ஆனால் செத்த 23இலும் வண்டுத் துளை இருந்ததை மறந்துவிட முடியாது.

தூர்களில் இருந்து வந்த நோய்

2021 மழைக்காலத்தில், தோண்டாமல் விட்ட தூர்களுக்கு நடுவே நின்ற மூன்று மரங்களில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிந்தது. அடி மட்டைகள் பாவாடை போலத் தொங்கின. பக்கத்துத் தூர் ஒன்றில் தட்டுப்போலக் காளான் முளைத்திருந்தது. இது தஞ்சாவூர் வாடல் நோய், கேனோடெர்மா என்னும் பூஞ்சையால் வருவது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டதால்தான் அதற்கு இந்தப் பெயர். மக்கும் தூரிலும் வேரிலும் வளர்ந்து, மண்ணுக்குள்ளேயே பக்கத்து மரத்தின் வேருக்குப் போகும். ஒரு புயல் விட்டுச்சென்ற நோயின் பெயரையே மறந்துவிட்டு அடுத்த புயலின் தூர்களை மண்ணில் விட்டுவைத்தோம் என்பது இந்தப் பகுதிக்கே உரிய வேதனை.

மூன்று மரத்தைச் சுற்றியும் அகழி வெட்டிப் பிரித்தார்கள். ஒரு சதவீத போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியை மரத்துக்கு 40 லிட்டர் வீதம் வேர்ப்பகுதியில் ஊற்றினார்கள். சுற்றியுள்ள மரங்களுக்கு வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோவோடு நோய்ப் பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்களான சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி தலா 200 கிராம். இடையில் வாழை. இரண்டு மரங்கள் 2023இல் போயின, ஒன்று நிற்கிறது. மீதித் தூர்களை அந்த ஆண்டுதான் தோண்டினார்கள். 2019இல் அதைச் செய்திருந்தால் ஆன செலவைவிட அதிகம் ஆனது, ஏனென்றால் இப்போது தூர்களுக்கு இடையே கன்றுகள் நிற்கின்றன, இயந்திரம் உள்ளே வர வழியில்லை. கடப்பாரையும் மண்வெட்டியும்தான்.

இடைக்கால வரவும் கடனும்

பம்புசெட்டுக்கு மின்சாரம் வர இரண்டு மாதம் ஆனது. அதனால் மார்கழிப் பட்டக் கடலை தவறியது. மாசிப் பட்டத்தில், இரண்டு தண்ணீரிலேயே வந்துவிடும் என்று எள் விதைத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் கடலை, உளுந்து. நிழல் போய்விட்டதால் இவை நன்றாகவே வந்தன. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு வரவு, 45 நாளுக்கு ஒரு வெட்டுக்கு ஈடாகவில்லை. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் இருந்த மகன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனான். 2025இலும் அங்கேதான் இருக்கிறான்.

வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் பெரிய தொகை இல்லை. ஆனால் அது தீரும்வரை காயை அவருக்கே, சந்தை விலையைவிட ஒரு ரூபாய் குறைத்துத் தர வேண்டும். ஆண்டுக்கு 14,000 காய் போட்டிருந்தால் ஒரே ஆண்டில் கணக்கு முடிந்திருக்கும். ஆயிரம் இரண்டாயிரம் காயில் அது 2022 வரை இழுத்தது.

2021 பிப்ரவரியில் அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அது பெரிய ஆறுதல். கூட்டுறவில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இவர்களின் நகை இருந்தது வேறு வங்கியில், அதுவும் 8 பவுன். வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்து, 2023இல் 3 பவுனை விற்று மீதியை மீட்டார்கள்.

மரமில்லாதவர் கணக்கு

காய் பறித்தவர் குடும்பத்துக்கு, கூரை வீடு முழுவதும் போனதற்கு 10,000 ரூபாய் கிடைத்தது. பிழைப்பு போனதற்கு எதுவும் இல்லை, ஏனென்றால் நிவாரணம் மரத்தை எண்ணியது, மரத்தில் ஏறியவரை எண்ணவில்லை.

முதல் மூன்று மாதம் வேலை இருந்தது, அதுதான் ஏமாற்றியது. எங்கும் மட்டை கொட்டிக் கிடந்தது, எல்லா வீட்டுக்கும் கூரை வேண்டியிருந்தது. அந்த அம்மா இரவு விளக்கு வைத்துக்கொண்டு கீற்று முடைந்தார். 2019 சித்திரைக்குள் மட்டை தீர்ந்தது. அதன்பின் மூன்று ஆண்டு, கீற்று முடைய மட்டை விலைக்கு வாங்க வேண்டிய நிலை. தார்ப்பாயும் தகரமும் கூரைக்கு வந்துவிட்டதால் கீற்றுக்கு இருந்த தேவையும் திரும்பவில்லை. கணவர் பொள்ளாச்சிப் பக்கம் காய் பறிக்கப் போனார், 2020 மார்ச்சில் ஊரடங்கில் திரும்பினார், மறுபடி போனார். இப்போது தோப்பில் மரம் ஏற உள்ளூரில் ஆள் இல்லை. தோப்பு மீண்டாலும் அந்தக் கை மீளவில்லை. இதை எந்தச் சேதப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

2025இல் நிலை

நிற்கும் பழைய மரம் 39. முதல் நடவில் 37, இரண்டாம் நடவில் 76. ‘மூன்றே வருஷத்தில் காய்க்கும்’ என்று சொன்ன 37இல் 14 மட்டுமே 2024இல் காய்த்தன. மீதி நெட்டையாகவே வளர்ந்து நிற்கின்றன. ஒட்டு ரகம் முப்பதில் பாளை வரத் தொடங்கியிருக்கிறது.

2019 முதல் 2024 வரை ஆறு ஆண்டில் வழக்கமாக 84,000 காய் வந்திருக்க வேண்டும். வந்தது 13,500. இழப்பு 70,500 காய். நிவாரணத்தில் அகற்றும் செலவைக் கழித்தால் மரத்துக்கு 600 வீதம் 70,800 ரூபாய். இழந்த காய்க்கு ஒரு ரூபாய். 2024 கடைசியிலிருந்து தேங்காய் விலை ஏறி 2025இல் முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனபோது, இந்தத் தோப்பில் விற்க நான்கில் ஒரு பங்கு காய்தான் இருந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் வேலை பட்டா. புயல் வருவதற்கு முன்பே இறந்தவர் பெயரை நீக்கி மாற்றிவைப்பது. இந்தத் தோப்பில் ஆறு மாதத் தாமதம்தான் கட்டையை அடுக்கவைத்தது, அடுக்கிய கட்டைதான் கன்றைத் தின்றது.

நின்ற மரங்களையும் வண்ணம் பூசி எண்ணிட்டு, கொண்டை தெரியும்படி நாள் குறித்துப் படம் எடுத்து, நின்றாலும் குருத்து கழன்றவை என்று தனிப் பட்டியலாகக் கணக்கெடுப்பவரிடம் எழுத்தில் கொடுப்பது. ஏற்பார்களா என்பது வேறு, பதிவில் இருக்க வேண்டும்.

பணம் பாதிக்குத்தான் போதுமென்றால், முழுத் தோப்பிலும் அரைகுறையாகச் செய்யாமல், பாதித் தோப்பில் தூரோடு முழுதாகச் செய்வது. மறு பாதியில் கட்டையை நிலத்திலிருந்து வெளியேற்றுவது வரையாவது முடிப்பது, வரப்பில் அடுக்குவது கூடாது. கட்டை மக்கத் தொடங்கும் முன், அதாவது ஆறு மாதத்துக்குள். நடவை ஓராண்டு தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை: 2019இல் அவசரமாக நட்ட கன்றைவிட 2020இல் நிதானமாக நட்ட கன்று இன்று தோளுயரம் கூடுதலாக நிற்கிறது.

காப்பீடு. புயலுக்கு முன் 175 மரத்துக்கும் ஆண்டுக்கு 612 ரூபாய் 50 காசுதான் ஆகியிருக்கும். இப்போது பழைய மரத்துக்கும், நான்கு வயதைக் கடந்த ஒட்டு ரகக் கன்றுக்கும் (4 முதல் 15 வயதுக்குப் பிரீமியம் 9 ரூபாய், விவசாயி பங்கு 2 ரூபாய் 25 காசு, தொகை 900 ரூபாய்) விண்ணப்பம் எழுதிவைத்திருக்கிறார்கள். மரங்களில் எண் போடும் வேலை பாதி முடிந்திருக்கிறது.